மெடிசின் வார்டில் முதல் மாதம்: புது ஹவுஸ் சர்ஜன்களுக்கு ஒரு வழிகாட்டி

இறுதியாண்டுத் தேர்வு முடிந்து சி.ஆர்.ஆர்.ஐ. என்ற கட்டாயப் பயிற்சி டாக்டர் பணியில், அதாவது ஹவுஸ் சர்ஜனாக, சேரும்போது எல்லோருக்கும் இருக்கும் பயம் ஒன்றுதான்: நமக்கு மெடிசின் போதுமான அளவு தெரியுமா? தெரியாததைக் கேட்டுக்கொள்ள பி.ஜி. (மேற்படிப்பு படிக்கும் டாக்டர்) இருக்கிறார், அசிஸ்டென்ட் புரொஃபசர் இருக்கிறார், யூனிட்டின் தலைவரான சீஃப் இருக்கிறார். அந்தக் கவலையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். வார்டில் காரியம் கெடுவது பெரும்பாலும் வேறு இடத்தில். காலையில் எடுத்த ரத்தம் மதியம் வரை டிரேயிலேயே கிடக்கிறது. ரவுண்ட்ஸில் சீஃப் சொன்னது கேஸ் ஷீட்டில் ஏறவில்லை. இரவு டூட்டிக்கு வந்தவருக்கு 9-ஆம் பெட்காரருக்குச் சாயங்காலத்திலிருந்தே மூச்சு வாங்குகிறது என்று யாரும் சொல்லவில்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் இடத்தில் தகவல் நழுவிப் போகிறது. அதை நழுவ விடாமல் பிடிப்பதுதான் உங்கள் வேலையில் பாதி.

அமெரிக்காவில் உள்நோயாளிகளை மட்டும் பார்ப்பதற்கென்றே தனி டாக்டர்கள் உண்டு. 1996-இல் ராபர்ட் வாக்டர், லீ கோல்ட்மேன் என்ற இருவர் எழுதிய கட்டுரையிலிருந்து அவர்களுக்கு ‘ஹாஸ்பிடலிஸ்ட்’ என்ற பெயர் நிலைத்தது. நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அப்படித் தனி ஆள் கிடையாது. ஓ.பி., வகுப்பு, தேர்வு என்று மற்றவர்கள் வந்து போய்க்கொண்டிருக்க, நாள் முழுக்க வார்டிலேயே நிற்பவர் ஹவுஸ் சர்ஜன்தான். சிஸ்டருக்கு அடுத்து நோயாளியை அதிக நேரம் பார்ப்பவரும் நீங்கள்தான்.

ரவுண்ட்ஸுக்கு முன்னால்

வார்டுக்குள் நுழைந்ததும் 1-ஆம் பெட்டிலிருந்து வரிசையாகப் போக வேண்டாம். முதலில் இரவு டூட்டி சிஸ்டரிடம் போய், “சிஸ்டர், ராத்திரி யாரு தொந்தரவா இருந்தாங்க?” என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும். அவர் சொல்லும் இரண்டு மூன்று பெட்களை முதலில் பாருங்கள். மற்றவர்கள் காத்திருக்கலாம்.

ஒரு வெள்ளைத் தாளை நான்காக மடித்து, பெட் எண், பெயர், வயது, என்ன நோய், இன்றைக்கு என்ன வேலை என்று பட்டியல் போடுங்கள். வேலை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். முடிந்ததும் டிக். லேபுக்கு அனுப்பிவிட்டு ரிசல்ட் வராததற்குப் பாதி டிக் போடுவது நல்ல பழக்கம். அனுப்பியதோடு வேலை முடிந்ததாக நினைத்துக்கொள்வதுதான் வார்டில் எல்லோருக்கும் வரும் வியாதி. போன் ஆப்கள் எத்தனையோ வந்துவிட்டன. என்னைக் கேட்டால் கோட் பாக்கெட்டில் இருக்கும் தாளே போதும்: சார்ஜ் தீராது, கையுறை போட்டுக்கொண்டே பார்க்கலாம். டூட்டி முடிந்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள், நோயாளிகளின் விவரம் அதில் இருக்கிறது. இதே காரணத்துக்காக கேஸ் ஷீட்டைப் படம் எடுத்து யூனிட் வாட்ஸ்ஆப் குழுவில் போடும்போது பெயரும் ஐ.பி. எண்ணும் (உள்நோயாளி எண்) தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் என்றதும் ஒன்று. நம் ஊர் வார்டில் ஒரே நேரத்தில் இரண்டு முருகன், மூன்று லட்சுமி இருப்பது சாதாரணம். இனிஷியல் மட்டும் மாறும், அதையும் யாரும் கவனிப்பதில்லை. ரத்தம் எடுக்கும்போதும், ரத்தம் ஏற்றும்போதும், ஊசி போடும்போதும் “முருகனா?” என்று கேட்காதீர்கள். காது மந்தமான பெரியவர் எதற்கும் தலையாட்டுவார். “அய்யா, உங்க பேரு என்ன? அப்பா பேரு?” என்று அவர் வாயால் சொல்ல வைத்து, ஐ.பி. எண்ணோடு ஒப்பிடுங்கள்.

மூச்சை எண்ணுங்கள்

நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், காய்ச்சல், ஆக்சிஜன் அளவு எல்லாவற்றுக்கும் கருவி இருக்கிறது. மூச்சு எண்ணிக்கைக்கு உங்கள் கண்ணும் கடிகாரமும் மட்டும்தான். அதனால்தான் பல சார்ட்டுகளில் எல்லா நோயாளிக்கும், எல்லா வேளைக்கும் ‘20’ என்றே எழுதியிருக்கும். நாடி பிடிப்பது போலக் கையைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுகிறீர்கள் என்று நோயாளிக்குத் தெரிந்தால் மூச்சு மாறிவிடும்.

பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய ‘நியூஸ்’ என்ற மதிப்பெண் முறை இருக்கிறது. மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, ஆக்சிஜன் வைத்திருக்கிறாரா, மேல் ரத்த அழுத்தம், நாடி, நினைவு, காய்ச்சல் என்று ஏழு விஷயங்களுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்ட வேண்டும். 5 வந்தால் டாக்டர் உடனே வந்து பார்க்க வேண்டும். 7 அல்லது அதற்கு மேல் போனால் அவசரநிலை. ஏதாவது ஒன்றில் மட்டும் 3 வந்தாலும் கவனிக்க வேண்டும்.

இதன் அருமை ஒரு கணக்கைப் போட்டால் தெரியும். நிமோனியாவுடன் படுத்திருக்கும் 62 வயதுக்காரர். மூச்சு நிமிடத்துக்கு 24, ஆக்சிஜன் வைக்காமல் 93, மேல் அழுத்தம் 108, நாடி 112, காய்ச்சல் 101 டிகிரி. உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார், கேட்டால் “பரவால்ல சார்” என்கிறார். தனித்தனியாகப் பார்த்தால் எந்த எண்ணும் பயமுறுத்தாது. மூச்சுக்கு 2, ஆக்சிஜனுக்கு 2, அழுத்தத்துக்கு 1, நாடிக்கு 2, காய்ச்சலுக்கு 1. மொத்தம் 8. இவரை ரவுண்ட்ஸ் வரை விட்டு வைக்கக் கூடாது. இப்போதே பி.ஜி.க்குச் சொல்ல வேண்டும்.

சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) நோயாளிகளில் கார்பன் டை ஆக்சைடு தேங்கும் ஆபத்து உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். அவர்களுக்கு ஆக்சிஜன் இலக்கு 88 முதல் 92 வரைதான். 99 வரட்டும் என்று ஆக்சிஜனைத் திறந்துவிட்டால் அவர் தூங்கிப் போவார், எழுப்ப முடியாது.

ரத்தம் எடுக்கும்போது

இந்த வேலையை மட்டமாக நினைக்காதீர்கள். தப்பாக எடுத்த ரத்தத்தில் வரும் ரிசல்ட்டை நம்பி மருந்து கொடுத்துவிடுவார்கள்.

பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) தேவை என்றால் அதுதான் முதலில். பிறகு குழாய்கள்: நீல மூடி, சிவப்பு மூடி, ஊதா மூடி, கடைசியில் சர்க்கரைக்கான சாம்பல் மூடி. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. ஊதா மூடிக் குழாயில் உள்ள, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. ஒரு பொட்டாசிய உப்பு. அதில் ஊற்றிய ரத்தத்தில் மிச்சத்தைச் சிவப்பு மூடிக் குழாய்க்கு மாற்றினால் பொட்டாசியம் எகிறிக் காட்டும், கால்சியம் அதலபாதாளத்தில் இருக்கும். நோயாளி நன்றாக உட்கார்ந்திருக்கும்போது பொட்டாசியம் 8, கால்சியம் 4 என்று ரிப்போர்ட் வந்தால் முதலில் குழாய்களைச் சந்தேகப்படுங்கள். ஆனால் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சந்தேகப்பட வேண்டும்.

நீல மூடிக் குழாயைக் கோடு வரை நிரப்புங்கள். குறைவாக நிரப்பினால் ரத்தம் உறையும் நேரம் உண்மையைவிட நீண்டதாகக் காட்டும். டிரிப்ஸ் ஓடும் கையில் எடுக்க வேண்டாம், மறு கையில் எடுங்கள். லேபிளைப் பெட் பக்கத்திலேயே, எடுத்தவுடன் ஒட்டுங்கள். பத்துக் குழாய்களை டிரேயில் போட்டுக்கொண்டு வந்து டேபிளில் உட்கார்ந்து பெயர் எழுதுவது விபரீதத்தில் முடியும்.

எடுத்த ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள். குத்திவிட்டால் பதறாமல் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள், பிதுக்க வேண்டாம். உடனே டூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரத்துக்கு மேல் போனால் பலனில்லை. தொடங்கினால் 28 நாள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் வெட்கப்பட்டு மறைப்பவர்கள் இருக்கிறார்கள்.

ரவுண்ட்ஸில்

சீஃப் முன்னால் கேஸ் சொல்லும்போது தேர்வில் சொல்வது போல ‘காலில் வீக்கம் இல்லை, மஞ்சள் காமாலை இல்லை’ என்று ஆரம்பிக்காதீர்கள். யார், எதற்காக வந்தார், நேற்றிலிருந்து என்ன மாறியிருக்கிறது, இன்றைய எண்கள், எந்த ரிப்போர்ட் வந்தது, எது வரவில்லை, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள். ஒரு நிமிடத்தில் முடிக்கலாம். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். தப்பாக நினைத்தாலும் பரவாயில்லை, திருத்தும்போது கற்றுக்கொள்வீர்கள்.

ஒவ்வொரு பெட்டை விட்டு நகரும் முன் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். யூரின் டியூப் இன்னும் வேண்டுமா? வென்ஃப்ளான் (ரத்தக் குழாயில் செருகிய ஊசிக்குழாய்) இன்னும் வேண்டுமா, அந்த இடம் சிவந்திருக்கிறதா? ஆன்டிபயாடிக்கை ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாற்றலாமா? டிரிப்ஸை நிறுத்தலாமா? போடச் சொல்ல ஆள் உண்டு, எடுக்கச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வராது. சாப்பிடும் நோயாளிக்கு டிரிப்ஸ் ஓடிக்கொண்டே இருப்பதை எந்த வார்டிலும் பார்க்கலாம். ‘டிரிப்ஸ் ஏத்தினாத்தான் தெம்பு’ என்று குடும்பத்தாரே கேட்பார்கள், பொறுமையாகச் சொல்லிப் புரிய வையுங்கள்.

ஆர்டர்களை அந்த இடத்திலேயே எழுதிவிடுங்கள். முப்பது பெட் பார்த்து முடித்துவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதினால் இரண்டு பெட்டாவது மாறிப் போகும். இரண்டு ஹவுஸ் சர்ஜன் இருந்தால் ஒருவர் சொல்ல, ஒருவர் எழுத. அவசரமான ஆர்டர் என்றால் எழுதியதோடு நிற்காமல் சிஸ்டரிடம் வாயாலும் சொல்லுங்கள்.

கை கழுவுவது பற்றி எல்லோரும் சொல்லிக் கேட்டிருப்பீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பெட்டிலிருந்து அடுத்த பெட்டுக்குப் போகும் முன் ஹேண்ட் ரப், 20 முதல் 30 விநாடி. கையில் அழுக்கோ ரத்தமோ தெரிந்தால், அல்லது வயிற்றுப்போக்கு நோயாளியைத் தொட்டிருந்தால், சோப்புத் தண்ணீர்தான்.

எழுதும் கை

மருந்தின் பெயரை ஜெனரிக்கில், தெளிவாக, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-இல் விதியையே திருத்தியது. தேதி, நேரம், கையெழுத்து மூன்றும் இல்லாத குறிப்பு இருந்தும் பயனில்லை. டோஸ் எழுதும்போது 1-க்குப் பின் புள்ளி வைத்துச் சுழியம் போடாதீர்கள், புள்ளி தெரியாவிட்டால் 10 ஆகிவிடும். அரை மில்லிகிராம் என்றால் 0.5 என்று முன்னால் சுழியம் கட்டாயம்.

இன்சுலினைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். யூனிட் என்பதற்கு ஆங்கிலத்தின் ‘யு’ எழுத்தை மட்டும் போட்டால் அது சுழியமாகத் தெரியும். 10 யூனிட் 100 ஆகும். யூனிட் என்று முழுதாக எழுதுங்கள். அப்புறம், நம் நாட்டில் இன்சுலின் இரண்டு அடர்த்தியில் புழங்குகிறது. சாதாரண வயல் (மருந்துக் குப்பி) ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜும் சில வயல்களும் ஒரு மில்லிக்கு 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 40 வயலிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 கோடு இழுத்தால் உள்ளே போவது 4 யூனிட்தான். சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று நாள் முழுக்க டோஸைக் கூட்டிக்கொண்டிருப்போம். மாற்றிப் போட்டால், அதாவது 100 இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு இழுத்தால், 25 யூனிட் போய்விடும். இரவில் வியர்த்துக் கொட்டி மயங்கியவரைப் பார்த்து என்ன ஆயிற்று என்று தேடுவீர்கள். வயலையும் சிரிஞ்சையும் ஒரே கையில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு இழுப்பதை முதல் நாளே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்பவர் சர்க்கரை கட்டுப்படாமல் வந்தால், அவர் சிரிஞ்சையும் கொண்டு வரச் சொல்லிப் பாருங்கள்.

பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலை ரத்தக் குழாயில் ஒருபோதும் நேரடியாகத் தள்ளக் கூடாது. கலந்து, மெதுவாக. இதற்கு விதிவிலக்கே கிடையாது.

சீனியரைக் கூப்பிடும்போது

“சார், 14-ஆம் பெட் பேஷன்ட் கொஞ்சம் டல்லா இருக்காரு, வந்து பாக்கறீங்களா?”

ஓ.பி.யில் நூறு பேருக்கு நடுவில் இருக்கும் பி.ஜி. இதைக் கேட்டால் “சரி, வரேன்” என்பார். எப்போது என்று அவருக்கே தெரியாது. இதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

“சார், 14-ஆம் பெட் அட்மிட் ஆகி ரெண்டாவது நாள். டெங்கு. காலையில 110-70 இருந்த பி.பி. இப்போ 90-76. கை கால் சில்லுனு இருக்கு, யூரின் நாலு மணி நேரமா போகல. ஷாக்குக்குப் போறாருன்னு நினைக்கிறேன். ஃப்ளூயிட் ஆரம்பிக்கிறேன், நீங்க இப்பவே வரணும்.”

நிலைமை, பின்னணி, உங்கள் கணிப்பு, என்ன வேண்டும் என்ற இந்த வரிசைக்கு ‘எஸ்பார்’ என்று பெயர். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து மருத்துவமனைக்கு வந்தது. பெயரை மறந்தாலும் பரவாயில்லை. போனை எடுக்கும் முன் கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், நோயாளியை நீங்களே ஒரு முறை பார்த்திருங்கள், என்ன வேண்டும் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். அவர் திட்டினால்? திட்டட்டும். கூப்பிட்டதற்காகத் திட்டு வாங்குவதில் உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. நோயாளியின் நிலையையும், யாரை எத்தனை மணிக்குக் கூப்பிட்டீர்கள் என்பதையும் கேஸ் ஷீட்டில் எழுதி வையுங்கள்.

அதேபோல, சிஸ்டர் உங்களை இரவில் கூப்பிட்டு “பி.பி. கம்மியா இருக்கு” என்றால் போனிலேயே ஆர்டர் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுக்காதீர்கள். போய்ப் பாருங்கள். இருபது வருடம் வார்டில் இருந்த சிஸ்டருக்கு, “என்னமோ சரியில்ல டாக்டர்” என்று தோன்றினால் அதுவே ஒரு குறி.

டூட்டி மாறும்போது

முன்பே சொன்ன அந்த நழுவல் அதிகம் நடப்பது இங்கேதான். ஹாஸ்டல் மெஸ் மூடிவிடுமே என்ற அவசரத்தில் “எல்லாம் ஸ்டேபிள்டா, ஒண்ணும் இல்ல” என்று சொல்லிவிட்டுக் கிளம்புவது.

அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 9 குழந்தைகள் மருத்துவமனைகளில் ‘ஐ-பாஸ்’ என்ற ஒப்படைப்பு முறையைப் பயிற்றுவித்துப் பார்த்தார்கள். 2014-இல் வெளியான அந்த ஆய்வில் மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன. தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதம் குறைந்தன. ஒப்படைக்க எடுத்துக்கொண்ட நேரம் கூடவில்லை என்பதுதான் முக்கியம். ஆக, நேரமில்லை என்ற சாக்கு செல்லாது.

முறை எளிது. எவ்வளவு சீரியஸ் என்பது முதலில். பிறகு இரண்டு வரியில் கதை. அடுத்து, இரவு செய்ய வேண்டிய வேலைகள். அதன் பிறகு, ‘இப்படி ஆனால் இதைச் செய்’ என்ற முன்யோசனை. கடைசியில் கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். “14-ஆம் பெட் டெங்கு, மோசம். பத்து மணிக்கு ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம்) அனுப்பணும். ஏறியிருந்தா ஃப்ளூயிட்டைக் கூட்டு, இறங்கியும் பி.பி. சரியா இல்லேன்னா ரத்தக் கசிவு இருக்கான்னு பார்த்து அண்ணனைக் கூப்பிடு.” இதில் ‘இறங்கியும்’ என்ற ஒரு சொல் இல்லையென்றால் இரவு இரண்டு மணிக்கு உங்கள் நண்பர் ஹீமட்டோகிரிட் குறைந்ததைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்.

முப்பது பேரைப் பற்றியும் இப்படிப் பேச முடியாது. மோசமான நாலைந்து பேரை மட்டும் பெட் பக்கத்தில் நின்று, நோயாளியைக் காட்டியே ஒப்படையுங்கள். மற்றவர்களுக்குத் தாள் போதும்.

அட்டெண்டர்கள்

ஒரு நோயாளிக்கு ஆறு சொந்தக்காரர்கள் வந்து ஆறு முறை கேட்பார்கள். எரிச்சல் வரும். ரவுண்ட்ஸ் முடிந்ததும், இன்ன நேரம் என்று சொல்லி, குடும்பத்தில் ஒருவரிடம் மட்டும் விளக்கமாகச் சொல்லுங்கள். “மத்தவங்களுக்கு நீங்க சொல்லிடுங்க அண்ணே” என்று விட்டுவிடலாம். அவர் பெயரையும் போன் எண்ணையும் கேஸ் ஷீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். ‘கிட்னி ஃபெயிலியர்’ என்றாலே ஆள் முடிந்துவிட்டார் என்று புரிந்துகொள்கிறார்கள். கிட்னி வேலை குறைந்திருக்கிறது, டயாலிசிஸ் வேண்டியிருக்கலாம், திரும்பவும் சரியாக வாய்ப்பிருக்கிறது என்று பிரித்துச் சொல்லுங்கள். கெட்ட செய்தியை வராந்தாவில் நடந்துகொண்டே சொல்லாதீர்கள்.

டிஸ்சார்ஜ்

இதற்கான வேலை அட்மிட் ஆன அன்றே தொடங்குகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும் என்று தோன்றினால் அன்றே காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். ஊருக்குப் போய் எடுத்து வர அவர்களுக்கு இரண்டு நாளாவது ஆகும், அந்த இரண்டு நாளும் பெட் சும்மா நிறைந்திருக்கும்.

சம்மரியில் நோயின் பெயர், என்ன செய்தோம், எந்த மருந்து புதிது, எது நிறுத்தப்பட்டது, எந்த ரிப்போர்ட் இன்னும் வர வேண்டும், அடுத்து எப்போது வர வேண்டும் என்பது இருந்தால் போதும். நிறுத்திய மருந்தை எழுதாமல் விடுவதுதான் அதிகம் நடக்கிறது. வீட்டில் ஏற்கெனவே தனியார் கிளினிக்கில் வாங்கிய சர்க்கரை மாத்திரை இருக்கும். நாம் கொடுத்தது வேறு நிறத்தில், வேறு அட்டையில் இருக்கும். இரண்டும் ஒரே மெட்ஃபார்மின் என்று பாட்டிக்கு எப்படித் தெரியும்? இரண்டையும் போடுவார். அதனால் அட்மிட் ஆன மறுநாளே, “வீட்ல இருக்கற மாத்திரை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க” என்று சொல்லி, வேண்டாததைப் பிரித்து வைத்துவிடுங்கள்.

மாத்திரையை விளக்கிவிட்டு “புரிஞ்சுதா?” என்று கேட்டால் எல்லோரும் புரிந்தது என்பார்கள். “வீட்டுக்குப் போய் எப்படிப் போடுவீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க பாட்டி” என்று கேளுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் கவரில் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுக்கலாம்.

ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டுக்கும் மாதாமாதம் பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க வேண்டிய அவசியம் இப்போது பலருக்கு இல்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீட்டுக்கே மாத்திரை கொண்டு வந்து தருகிறார்கள். நோயாளியின் ஊருக்கு எந்த ஆரம்ப சுகாதார நிலையம் என்று கேட்டு, அதன் பெயரைச் சம்மரியின் மேல் ஓரத்தில் எழுதிக் கொடுங்கள். கூடவே எந்த அறிகுறி வந்தால் உடனே திரும்பி வர வேண்டும் என்பதைத் தமிழில், இரண்டு வரியில், பெரிய எழுத்தில்.